வாய்க்கால் கரை வரை போகும் கார்

கார் வாங்கப் போகிறவர்களும் பேருந்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமை. நெய்வேலி ஆர்ச் கேட்டில் நாங்கள் ஏறிய பாண்டிச்சேரிப் பேருந்தில் பாதிப் பேர் மஞ்சள் புடவை, மீதிப் பேர் அவர்கள் கொண்டுவந்த வேப்பிலைக் கட்டுகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடுகிறவர்கள். அப்பா மேலே கம்பியைப் பிடித்திருந்தார். நான் கால்களுக்கு இடையே ஒரு நைட்ரஜன் குடுவையைப் பிடித்திருந்தேன்.

சினை ஊசி போடுகிறவர்களுக்குத் தெரியும், உறைவிந்துக் குச்சிகளை இந்தக் குடுவையில்தான் வைத்திருப்போம். படுக்க வைக்கக் கூடாது. சாய்ந்தால் குச்சிகளை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கொட்டிவிடும், உள்ளே இருப்பதெல்லாம் வீண். எந்தக் கார் வாங்கினாலும் இது அதில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் காலிக் குடுவையை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

நடத்துநர் பையை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பால் கேனா?"

மாட்டு மருந்து வைப்பது என்று முணுமுணுத்தேன். நெரிசலில் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அப்பாவுக்குக் குரலைத் தாழ்த்தும் பழக்கம் இல்லை. "எம் பொண்ணு மாட்டு டாக்டருங்க" என்றார். அவ்வளவுதான், எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இடம் கொடுத்தவர் பண்ருட்டி வரும்வரை தன் பசு ஏன் பருவத்துக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டே நின்றுவந்தார். தாது உப்பின் பெயரைப் பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொடுத்தேன். அப்பா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கையெழுத்தைத் தெரியும்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் கால்நடை மருந்தகம் சேத்தியாத்தோப்பைத் தாண்டி, வெள்ளாற்றை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீடு நெய்வேலி நகரியத்துக்கு வெளியே. அப்பா சுரங்கத்தில் கடைசிவரை கான்ட்ராக்ட் ஆள்தான். பர்மனென்ட் ஆகவில்லை, குவார்ட்டர்ஸும் கிடைக்கவில்லை. தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். நெடுஞ்சாலை வரை சிக்கல் இல்லை. அதற்கப்புறம் வாய்க்கால் கரை மண்பாதை. போன மழைக்காலத்தில், கரையின் கடைசி வீட்டில் ஒரு கிடாரி கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று அழைத்தார்கள். பாதி வழியில் ஸ்கூட்டர் சேற்றில் இறங்கி என்னையும் சாய்த்துவிட்டது. மணிக்கட்டு வீங்க, மீதி வழியை நடந்து போய்ச் சேர்ந்தேன். தாயைக் காப்பாற்றினேன். கன்று உள்ளேயே செத்திருந்தது.

அதற்குப் பிறகு மேலதிகாரி என்மேல் இரக்கப்பட்டு, கடலூர் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலியாவதாகச் சொன்னார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். எனக்குப் போக விருப்பமில்லை. கடன் போட்டு, கொஞ்சம் உயரமான சின்ன எஸ்யூவி ஒன்று வாங்கிவிட்டால் மழையிலும் போய்வரலாம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரையை உருவி முடித்தாள். பிறகு சொன்னாள்:

"அந்த வாய்க்கா கரையில கடைசி வூடு வரைக்கும் கார் போவுதான்னு எனக்குக் காட்டு. போச்சுன்னா அங்கியே வேல பாரு. போவலன்னா வாய மூடிகினு கடலூருக்குப் போ."

வெள்ளி, சனி, ஞாயிறு. என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

பண்ருட்டியில் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பின்சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். உடனே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இனி இது கிளம்பாது என்று அந்த உதையிலேயே புரிந்திருக்க வேண்டும். பலாப்பழக் காலம் முடியும் நேரம். சாலையோரத்தில் ஓர் அம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கடைசிப் பழங்களை அறுத்துக்கொண்டிருந்தார். தாமரை இலையில் சுளைகளை வாங்கித் தின்றோம். அடுத்த பேருந்து வந்தபோது என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கையோடுதான் நானும் கம்பியைப் பிடித்தேன். இந்த முறை யாரும் எழுந்து இடம் தரவில்லை.

எங்கள் வீட்டில் பாண்டிச்சேரிக்குப் போவது வெளிநாடு போவது மாதிரிதான். எல்லையைத் தாண்டியதும் வரிசையாக ஒயின் கடைகள், சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர்கள், புரியாத மொழியில் தெருப் பெயர்கள். அப்பா நேர்நேராக ஓடும் தெருக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம பிளாக் மாதிரியேதான் இருக்குது" என்று சமாதானமானார். நெய்வேலி நகரியத்தின் அந்த 'நம்ம' பிளாக்குகளில் எங்களுக்கு ஒரு நாளும் வீடு இருந்ததில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை.

அங்கே வாங்கும் எண்ணம் இல்லை. அந்த ஊரில் பதிவு செய்த வண்டியை நம் பக்கம் தினமும் ஓட்டினால் வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் கடைகளும் ஒரே சாலையில் இருப்பதால், பார்த்து ஒப்பிட வசதி என்று போனோம். வண்டிகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாருக்காவது விளம்பரமாகிவிடும்.

முதல் கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர் அடித்தது. விற்பனைப் பையன் நேராக அப்பாவிடம் போய், "வாங்க சார், மாப்பிள்ளை வரலீங்களா?" என்றான்.

"ஓட்டப் போறது அவங்க. கையெழுத்து போடப் போறதும் அவங்க. அவங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். வந்த வேலை அத்துடன் முடிந்ததுபோல் இருந்தார்.

பையன் என் பக்கம் திரும்பி, முதலில் காட்டியது வெயில் மறைப்பில் இருந்த முகக்கண்ணாடியை. நான் தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஓர் எண்ணைச் சொன்னான். அது ஆள் இல்லாதபோதா, ஐந்து பேர் உட்கார்ந்த பிறகா என்று கேட்டதும், மேலாளரைக் கேட்டு வருவதாகப் போனவன் காபியோடு திரும்பி வந்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் தன் மகனிடம் பிரெஞ்சில் கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஓட்டிப் பார்க்கும்போது பிரேக்கை ஓங்கி அடிக்க விடலையாம். அடிக்காம வாங்க மாட்டாராம்" என்று பையன் மெதுவாக மொழிபெயர்த்தான். எனக்கு அந்தப் பெரியவரைப் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு கடையிலும் நைட்ரஜன் குடுவையை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு வண்டியில் பின்கண்ணாடி சரிந்து இறங்கியதால் கதவு மூடவில்லை. இன்னொன்றில் நின்றது, ஆனால் பின்கதவு என் தலைக்கு மேலே எங்கேயோ போய் நின்றது; எட்டிப் பிடித்து மூட இன்னொருவரைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அப்புறம் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குடுவை அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. உள்ளே உட்கார்ந்தால் சாலை முழுக்கத் தெரிந்தது. கடற்கரைச் சாலைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். கியர் விரல் நுனியில் விழுந்தது. இறங்கும்போதே அது என்னுடையது என்று தீர்மானித்துவிட்டேன்.

மதியம் ஒரு சந்துக்கடையில் மீன் சாப்பாடு. எங்கள் குழம்பில் புளி முன்னால் நிற்கும். இங்கே தேங்காய் முன்னால் நின்றது. அப்பா மூன்று முறை குழம்பு வாங்கினார். கார்க்கடையில் கொடுத்த காபிக் கோப்பையின் அளவைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். கண்ணுக்கு மருந்து ஊற்றுகிற கிண்ணமாம் அது.

சனிக்கிழமை, அதே மாதிரிச் சிவப்பு வண்டி ஒன்றை அந்த நிறுவனத்தின் கடலூர்க் கடையிலிருந்து நகரியத்துக்கு வரவழைத்தேன். கொண்டுவந்தவர் பெயர் பிரபு. கழுத்தில் டை, நெற்றியில் குங்குமம், எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் மேடம்".

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி வாங்கினாலும் நகரியத்துக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கார் ஓட்டப் பழகுவதும் அங்கேதான். நானும் அங்கேதான் பழகினேன். அகலமான சாலை, நடுவில் திட்டு, இரண்டு பக்கமும் மரம், பிளாக்குக்கு ஒரு வட்டச் சந்திப்பு. குழி என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சாலையில் எந்த வண்டியும் பட்டுப்போல ஓடும். சிவப்பும் ஓடியது. நடுவில் ஷிப்ட் விட்டு, சைக்கிளும் ஸ்கூட்டரும் அடர்த்தியாக எதிரே வந்தன. பதறாமல் ஓரம் கட்டி, பதறாமல் எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு இதே சாலையில் ஓட்டைச் சைக்கிளில் போனவள் நான். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒருவரும் பார்க்கவில்லை.

நாளைக்கே முன்பணம் கட்டிவிடலாம், ஆடித் தள்ளுபடி இருக்கிறது என்றார் பிரபு. நான் சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா இரண்டு விஷயங்கள் சொன்னாள். வண்டி வீட்டுக்கு வருவது ஆவணியில்தான். அதற்கு முன்னால் நாலு பேர் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கப் போனாலும், மனை பார்க்கப் போனாலும், மாடு பிடிக்கப் போனாலும் ஒற்றைப்படையில் கூட்டமாகத்தான் போவார்கள். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படுமாம். படித்த பிறகு எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருந்து வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் அம்மா, அப்பா, அத்தை, பெரியப்பா, பெரியம்மா, அத்தை மகள், நான் என்று ஏழு பேர் தயாராக நின்றோம். அத்தை பூ வைத்திருந்தாள். நான் பிரபுவைத் தொலைபேசியில் அழைத்து, தயங்கித் தயங்கி, ஏழு பேர் இருக்கிறோம் என்றேன். அவர் அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு வழக்கம்போல, "பண்ணிடலாம் மேடம். ஒரே வண்டியில முடியாது, இன்னொண்ணும் எடுத்தாறேன்" என்றார்.

அந்த இன்னொன்று, வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி. அதே கடையின் இன்னொரு மாடல். முகமும் சதுரம், முதுகும் சதுரம். விலை சிவப்பைவிடக் குறைவு. ஆனால் யாரும் கேட்பதில்லை, ஆட்களை ஏற்றிவரத்தான் பயன்படுத்துகிறோம் என்று பிரபுவே சொன்னார். அப்பாவும் பெரியப்பாவும் பெரியம்மாவும் அதில் ஏறினார்கள். கடை ஓட்டுநர் அதை ஓட்டினார். சிவப்பில் நான் ஓட்ட, பக்கத்தில் பிரபு, பின்னால் அம்மா, அத்தை, அத்தை மகள். குடுவையையும் கால்நடைத் தீவன மூட்டை ஒன்றையும் பின்னால் வைத்துக்கொண்டேன். என் வேலையில் அவை இல்லாத நாள் கிடையாது.

வடலூரைத் தாண்டியதும் நான்கு வழிச்சாலை வேலை. சாலையே சாலையைத் தேடிக்கொண்டிருந்தது. செம்மண் புழுதியில் முன்னால் போகும் லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது. ஒரு மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடி ஞாயிறு, நிறுத்தாமல் போனால் அம்மா விடமாட்டாள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று குடித்தோம். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொள்ள. பிரபு டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தார். அத்தை அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று விசாரித்தாள். ஆகிவிட்டது என்று தெரிந்ததும் அத்தை மகள் நிம்மதியாகக் கூழைக் குடிக்க ஆரம்பித்தாள்.

சேத்தியாத்தோப்பு தாண்டி, வாய்க்கால் கரையில் திரும்பினேன். இரண்டு நாள் முன்னால் ஒரு மழை பெய்திருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போய்ப் போய் இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் விழுந்து, நடுவில் மண் வரப்புபோல எழும்பி நின்றது. ஸ்கூட்டரில் நான் அந்த நடு வரப்பின் மேலேயே போய்விடுவேன். அதனால் இத்தனை நாளும் அதை மேடு என்று நினைத்ததே இல்லை. காருக்கு அதன் மேல் போகும் வழி கிடையாது. சக்கரங்கள் தடத்தில் இறங்கும். வயிறுதான் வரப்பின் மேல் போகும்.

முதல் வளைவிலேயே அடியில் கரகரவென்று உரசியது. பிரபு இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் வேகத்தைக் குறைத்தேன். உரசல் குறையவில்லை, நிதானமாகக் கேட்டது, அவ்வளவுதான். இரண்டாவது வளைவில் ஏதோ ஒன்று நங்கென்று அடித்தது.

"பாப்பா, செனமாடு வரப்புல வயித்த தேச்சிகினு போற மாதிரி இருக்குது" என்றாள் அத்தை.

பிரபுவின் குரல் இறங்கிவிட்டது. "மேடம், எல்லாரும் கொஞ்சம் எறங்கிட்டா தாண்டிடலாம்."

இறங்கினார்கள். மூட்டையையும் இறக்கினோம். வண்டி ஒரு விரல்கடை எழும்பியது. தாண்டியது. எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கோபப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் கடலூர் ஆய்வுக்கூடத்தின் மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது.

அத்தைதான் பேசினாள். "தெனமும் எறங்கி ஏற எங்க மூணு பேரையும் கூடவே வச்சிக்கிவியா?"

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பையனை, ஐந்து பேர் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்கும் என்று மடக்கியவள் நான். அப்புறம் நகரியத்தில் என்னையும் பிரபுவையும் மட்டும் வைத்துக்கொண்டு வழவழச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னவளும் நான்தான்.

அப்போதுதான் பின்னால் அந்த வெள்ளைப் பெட்டி வந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்து நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. உள்ளே பெரியப்பாவும் பெரியம்மாவும், இருவருமே நல்ல பாரம், முன்னிருக்கையில் அப்பா. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. உரசும் சத்தத்துக்காக நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. வண்டி என் பின்னால் வந்து நின்றது. அப்பா கண்ணாடியை இறக்கி, "இன்னா, எல்லாரும் எறங்கிட்டீங்க? இதான் ஊரா?" என்றார்.

பிரபுதான் முதலில் சிரித்தார். பிறகு அத்தை. பிறகு அம்மாவே.

கடை ஓட்டுநரிடம் சாவியை வாங்கினேன். மூட்டையையும் குடுவையையும் வெள்ளை வண்டிக்கு மாற்றினேன். பின்பக்கம் சதுரமாக இருந்ததால் குடுவை மூட்டையோடு முட்டுக்கொடுத்து அசையாமல் நின்றது. அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். அத்தையும் அவள் மகளும் பெரியப்பாவும் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள். ஓட்டுவதற்கு அப்படி ஒன்றும் சொகுசு இல்லை. கியரை அழுத்திப் போட வேண்டியிருந்தது. என்ஜின் தன் பாட்டுக்கு முனகியது. குழியில் இறங்கினால் குலுக்கியது. ஆனால் வயிறு தரையில் படவில்லை. கரும்புக்காட்டைத் தாண்டி, மதகைத் தாண்டி, வாய்க்கால் கரை முடிகிற கடைசி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கிடாரி வைத்திருந்த அந்த அம்மாள் வெளியே வந்து, காரில் ஒரு கூட்டம் வந்து இறங்குவதைப் பார்த்து, பெண் பார்க்க வந்துவிட்டார்களோ என்று பயந்து மகளை உள்ளே போகச் சொன்னார்.

அம்மா இறங்கி, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டியின் சக்கரத்தருகே குனிந்து, வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ள வாணாம். புழுதியில நிக்காது. வேற கலர் இருக்குதான்னு கேளு" என்றாள்.

இதைவிடத் தெளிவான சம்மதத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. சாம்பல் நிறம் இருந்தது; அதற்கே முன்பணம் கட்டினேன். இந்த வண்டிக்கு வடலூரிலேயே டயர் கிடைக்கும், சில்லறை வேலைக்குக் கடலூர் போக வேண்டாம் என்பதையெல்லாம் திரும்பும் வழியில் பிரபு சொல்லிக்கொண்டே வந்தார். முதல் நாளே சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது.

திங்கட்கிழமை மேலதிகாரியை அழைத்து, ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். கார் வாங்கிவிட்டேன் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்காவது நாள் பிற்பகல், கரையின் கடைசி வீட்டிலிருந்து அழைப்பு. அதே கிடாரி, மறுபடி சினை. காலையிலிருந்து நோவு எடுத்துக்கொண்டிருக்கிறது, கன்று வரவில்லை. தடங்களில் தண்ணீர் நிரம்பி வாய்க்கால் எது பாதை எது என்று தெரியவில்லை. முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், ஊர்ந்துகொண்டே போனேன். ஒரு முறை பின்பக்கம் வழுக்கி, தானாகவே நேரானது. என் இதயம் நேராவதற்கு இன்னும் கொஞ்சம் தூரம் ஆயிற்று.

கொட்டகைக்குள் நுழைந்தபோது அந்த அம்மாள் அடுப்பின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க? நீங்க வர நேரமாவும்னு இப்பத்தான் வெந்நீரே வெக்கிறேன்."

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கன்றின் ஒரு முன்கால் மடங்கிக் கிடந்தது. குளம்பைத் தொட்டதும் அது வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உயிரோடு இருந்தது. விறகு ஈரம், அடுப்பு புகைந்துகொண்டே இருந்தது. நானும் அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து ஊத ஆரம்பித்தேன். தண்ணீர் சுட்டதும் மடங்கிய காலை நேராக்கிக் கன்றை இழுத்துவிடலாம்; இந்த முறை அவசரமில்லை. இன்னும் நேரம் இருந்தது.